அங்குலத்துக்கு எட்டு நூல்

தச்சு வேலையில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். கால் அங்குலம் ரெண்டு நூல், அரை அங்குலம் நாலு நூல். டேப்பில் சென்டிமீட்டர் வந்து எத்தனையோ காலம் ஆகியும் எங்கள் கடலூர் மாவட்டத்து ஆசாரிகள் வாயில் இன்னும் நூல்தான். மில்லிமீட்டரில் சொன்னால் ஒரு நூல் என்பது மூன்றுக்குச் சற்று மேல். நெய்வேலி சுரங்கத்தின் இயந்திரப் பராமரிப்பில் முப்பத்தைந்து வருஷம் இருந்த என் அப்பாவுக்கு மூன்று மில்லிமீட்டர் என்பது அளவே கிடையாது, கிட்டத்தட்ட ஓட்டை. பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் இடம் விடலாம் என்று வாழ்ந்தவர். ஓய்வுபெற்ற பிறகு மரவேலையில் இறங்கினார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்த அத்தனை சண்டைக்கும் இந்த இரண்டு அளவுகளுக்கு இடையிலிருந்த தூரம்தான் காரணம் என்பது அம்மாவின் கட்சி. பாதி சரி.

நெய்வேலிக்காரர் ஒருவர் மரத்தைக் கையில் எடுப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. லிக்னைட் என்ற சொல்லே மரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் மண்ணில் புதைந்த காடு முழுக் கரியாவதற்குள் நாம் தோண்டி எடுத்துவிட்டதுதான் பழுப்பு நிலக்கரி. சில கட்டிகளில் மர ரேகை இன்னும் கண்ணுக்குத் தெரியும். எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். வெளியே எடுத்துக் காயவிட்டால் வெடித்து உதிரும். எங்கள் குவார்ட்டர்ஸ் ஷோகேஸில் அப்பா அப்படி ஒரு கட்டியைப் பெருமையாக வைத்திருந்தார். ஒரே கோடையில் அது நாலாக விரிந்தது. அம்மா துடைக்கும்போதெல்லாம் ஒரு கை தூள் வரும். ஈர மரம் காய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டாம். ஆனால் அதைக் கரியாகப் பார்த்தவர் மரமாகப் பார்க்கவில்லை.

1956-ல் நிறுவனம் தொடங்கி, அதையொட்டி எழுந்த டவுன்ஷிப் எங்களுடையது. வட்டம் வட்டமாகப் பிரித்த தெருக்கள், எல்லார் வீட்டுப் பின்னாலும் ஒரு மா, ஒரு பலா, ஒரு முருங்கை. பிறந்தது, படித்தது, சைக்கிள் பழகியது எல்லாம் அங்கேதான் என்றாலும் எதுவும் எங்களுடையது இல்லை. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வரவேண்டும். அது வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எல்லாருக்கும் தெரியும். அப்பா 2011-ல் ஓய்வு பெற்று, வடக்குத்து பக்கம் கட்டியிருந்த வீட்டுக்கு வந்தார். பின்னால் பத்துக்குப் பன்னிரண்டில் தகரக் கொட்டகை. அதில் ஒரு மேஜை ரம்பம், ஒரு கை டிரில், பரண்மேல் தாத்தா காலத்து இழைப்புளி ஒன்று. சொந்தமாக ஒரு வீடு வந்துவிட்டது, இனி அதில் இருக்கிற ஒவ்வொரு சாமானும் தன் கையால் ஆனதாக இருக்கவேண்டும் என்று ஓர் எண்ணம். அறுபது வயது வரைக்கும் கம்பெனிக் கட்டிலில் படுத்தவருக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த வருஷம் டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டி வட்டாரத்தின் பலாவும் முந்திரியும் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். பலா மரம் ஓர் ஆள் நட்டு அடுத்த ஆள் சாப்பிடுகிற மரம். எங்கள் பக்கத்துப் பலாவுக்குப் பழத்தைத் தாண்டியும் பேர் உண்டு. தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் இந்த மரத்தில்தான் கடைகிறார்கள். காடாம்புலியூர் பக்கத்தில் ஒரு விவசாயியின் தோப்பில் வேரோடு கிடந்த ஒரு மரத்தை அப்பா விலை பேசினார். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. "எங்க தாத்தா வச்சது சார். நீங்க பாத்து ஏதோ குடுங்க. கண்ணு முன்னாடி கெடக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் அவர். அப்பா அந்த வாக்கியத்தைப் பிறகு பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடையில் வாங்கிய பிளைவுட்டை வீணாக்கினால் காசு போச்சு என்று விடலாம். இந்த மரத்தில் ஒரு பலகை கெட்டால் அவர் முகம் வேறு மாதிரி ஆகும்.

மில்லில் கொடுத்து ரெண்டு அங்குலப் பலகைகளாக அறுத்துக் கொண்டுவந்தார்கள். அறுத்த அன்றைக்குப் பலா மரம் மஞ்சள் கிழங்கு மாதிரி இருக்கும். வெளிச்சம் படப்பட பழுப்பேறி, வருஷங்கள் போனால் வெல்லப்பாகின் நிறத்துக்கு வரும். பலகைக்குப் பலகை குச்சி வைத்துக் காற்றோட அடுக்கினார். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காயவேண்டும் என்பது ஊர்க் கணக்கு. அதுவரை கடையில் வாங்கிய மரத்தில் கை பழகுவதாக ஏற்பாடு.

கை பழகிய காலம்தான் கஷ்ட காலம். அப்பா கத்துகிற ஆள் இல்லை. தப்பு நடந்தால் மெஷினை அணைத்துவிட்டு அப்படியே நிற்பார். அம்மாவுக்கு அந்த மௌனத்தின் நீளம் அத்துப்படி. "மெஷின் நின்னு கொஞ்ச நேரத்துல உளி தட்ற சத்தம் கேட்டா சரி. அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே கேக்கலைன்னா டீ கொண்டு போக மாட்டேன். போனா நம்ம மேல விழும்." அஞ்சு நிமிஷம் கழித்து வெளியே வருபவர் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். கேட் கீல் ஏன் கிறீச்சிடுகிறது, மோட்டாரை யார் ஓடவிட்டது, பேப்பர்காரன் ஏன் பேப்பரை மடித்துப் போட்டான் என்று ஆரம்பிக்கும். ஒரு தடவை கறிவேப்பிலைச் செடி அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது.

முதல் ஸ்டூலின் கதையைச் சொல்ல வேண்டும். நாலு கால்களில் ஒன்று குட்டை. ஆட்டம் நிற்க மற்றதைச் சீவப்போய், அது குட்டையாகி, கடைசியில் ஸ்டூல் ஏறக்குறைய மணையாகிவிட்டது. இது எல்லா வீட்டிலும் நடக்கிற கதைதான். விஷயம் அதற்குக் காரணமாக இருந்த டேப். டேப்பின் நுனியில் இருக்கிற கொக்கி லேசாக ஆடும். அப்பாவின் கண்ணுக்கு ஆட்டம் என்றால் தேய்மானம், தேய்மானம் என்றால் பழுது. சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி அந்த ரிவெட்டை இறுக்கிவிட்டார். அந்தக் கொக்கி ஆடுவதற்காகவே செய்யப்பட்டது. பலகையின் ஓரத்தில் மாட்டி இழுக்கும்போது கொக்கியின் கனம் அளவுக்கு வெளியே வரும், சுவரில் முட்டி அளக்கும்போது அதே அளவுக்கு உள்ளே போகும். அந்த ஆட்டம் இருந்தால்தான் இரண்டு விதத்திலும் அளவு சரியாக வரும். அதை இறுக்கியதும், சில கால்களை மாட்டியும் சிலதை முட்டியும் அளந்தவருக்கு ஒவ்வொன்றும் ஒரு நீளத்தில் வந்தது. வாழ்நாள் முழுக்க ஆட்டத்தை ஒழிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் தன் திறமையாலேயே செய்த தப்பு இது. இப்படிப்பட்ட தப்புதான் ஆளை அதிகமாக எரிச்சலூட்டும். கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஷிஃப்டில் லாக் புக் எழுதிப் பழகிய கை. கொட்டகையிலும் ஒரு நோட்டுப் போட்டார். தேதி, நேரம், வேலை, பிழை, காரணம் என்று ஐந்து கட்டம். 2012-ம் வருஷத்துப் பக்கங்களைப் புரட்டினால் 'காரணம்' கட்டத்தில் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் இவை: டேப், பிளேடு, மரம் சரியில்லை, கரண்ட். பெரிய தொழிற்சாலை எதிலும் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நடை புரியும். ஒரு பிழை எழுதப்பட்டால் அதன் பக்கத்தில் ஒரு காரணம் இருந்தாக வேண்டும், அந்தக் காரணம் ஓர் ஆளாக இல்லாமல் ஒரு பொருளாக இருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. என் துறையிலும் இதே சடங்கு உண்டு. சர்வர் விழுந்து எழுந்த பிறகு ஓர் ஆவணம் எழுதுவோம், அதன் பேரே போஸ்ட்மார்ட்டம். யாரையும் குற்றம் சொல்லக்கூடாது என்பது அதன் முதல் விதி. பேர் இருக்காது. படிக்கிற எல்லாருக்கும் பேர் தெரியும்.

'கரண்ட்' என்று எழுதியதில் நியாயம் இருந்தது. 2012-ல் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. டவுன்ஷிப் எல்லைக்குள் விளக்கு எரியும், எல்லை தாண்டி எங்கள் தெருவில் இருட்டு. காலம் முழுக்க மின்சாரத்துக்காகக் கரி தோண்டும் இயந்திரத்தைப் பழுதுபார்த்தவர், கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து மரம் அறுத்தார். ஒரு விடுமுறையில் அந்த நோட்டின் பிழைகளை எக்செலில் ஏற்றி நேரவாரியாகப் பார்த்தேன். முக்கால்வாசி, கரண்ட் போகப்போகிற நேரத்துக்கு முந்தின அரைமணியில் நடந்திருந்தன. கரண்ட் போனதால் இல்லை. போய்விடும் என்ற அவசரத்தால். அப்பாவிடம் காட்டியபோது, "இதுக்கு எதுக்குடா கம்ப்யூட்டர்? எனக்கே தெரியும்" என்றார். தெரிந்ததுதான். ஆனாலும் அந்தக் கடைசி அரைமணியில் அறுத்துக்கொண்டேதான் இருந்தார். தெரிவதற்கும் கையை நிறுத்துவதற்கும் நடுவில் எத்தனை நூல் என்று எந்த டேப்பும் சொல்லாது.

மரத்தின் மேல் அவர் வைத்த புகாரிலும் உண்மை உண்டு. இரும்பு சூட்டில் விரியும். ஒரு மீட்டர் எஃகுக் கம்பி முப்பது டிகிரி சூடேறினால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளும். எல்லாப் பக்கமும் ஒரே விகிதம், கணக்குப் போடலாம். மரம் சூட்டைவிட ஈரத்துக்கு அசையும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில் ஓரடிப் பலகை, கத்திரி வெயிலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் நடுவே ஒரு நூலுக்கு முன்பின்னாக விரிந்து சுருங்கும். சித்திரையில் அப்பா ஓர் அலமாரியும் அதற்கு ரெண்டு டிராயரும் செய்தார். கத்திபோல் பொருந்தியது. இழுத்தால் உள்ளே காற்று உறிஞ்சுகிற சத்தம் வரும், அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. ஐப்பசியில் ரெண்டும் திறக்கவில்லை. உள்ளே அம்மாவின் மாத்திரைச்சீட்டு மாட்டிக்கொண்டது. மேல் டிராயரைக் கழற்றி ஓரத்தை இழைத்துவிட்டார். மாசியில் அது கடகடவென்று ஆடியது. "காலையில சரியா இருந்துச்சு" என்று அவர் புலம்புவது, என் அலுவலகத்தில் எல்லாரும் சொல்கிற 'என் மெஷினில் ஓடுகிறதே' என்பதற்குச் சமானம். கீழ் டிராயரை இழைக்கலாமா வேண்டாமா என்று அந்த வருஷம் முழுக்க யோசனை.

வீட்டு நிலைக்கதவு பிடிக்கிறது என்று கூப்பிட்டபோதுதான் முத்தாண்டிக்குப்பம் பக்கத்து ஆசாரி ஒருவர் பழக்கமானார். எழுபதை நெருங்கிய மனிதர். மர மில்லும் பிளைவுட்டும் வந்தபின் வேலை குறைந்து, கதவு சீவுவது, கட்டில் கால் மாற்றுவது என்று போய்க்கொண்டிருந்தவர். அப்பா அவரிடம் நேராகக் கேட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. சார் என்று கூப்பிடுகிற ஆளிடம் கேட்பதில் ஒரு தயக்கம். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று மின்விசிறியைத் திருப்பி வைப்பார். நானும் லீவில் வந்தால் நிற்பேன்.

நான் முதலில் கவனித்தது, ஆசாரியும் நிறையத் தப்பு செய்தார். உளி நழுவும், எதிர்வாட்டத்தில் இழைத்து நார் பிய்ந்துவரும். ஆனால் அவர் வேலையின் வரிசையே தப்பு நடக்கும் என்று எதிர்பார்த்து அமைந்திருந்தது. அளவை எண்ணாக எடுக்கமாட்டார், ஒரு குச்சியை வைத்துக் கோடு கிழித்து அதையே பலகைக்கு மாற்றுவார். எண் இல்லாத இடத்தில் எண்ணைத் தப்பாகப் படிக்க முடியாது. துளையை முதலில் பொளித்துவிட்டு, அதற்குள் போகிற கழுந்தை அரை நூல் தடிமனாகவே விடுவார். சீவிக் குறைக்கலாம், ஒட்டவைத்துக் கூட்ட முடியாது. வேலை முடிகிறவரை மிச்சக் கட்டையை அடுப்புக்குக் கொடுக்கமாட்டார். எங்காவது சில்லு போனால் அதே மரத்தில், அதே ரேகையில் ஒரு துண்டு வேண்டும். தப்பு நடந்த உடனே சரிசெய்யவும் மாட்டார். உளியைக் கீழே வைத்து, காலடியில் கிடக்கிற சுருளை எல்லாம் கையால் கூட்டி ஓரமாகத் தள்ளி, ஒரு வெற்றிலை போட்டபிறகுதான். கோபம் தணிகிற தந்திரம் என்று நினைக்கத் தோன்றும். அவரிடம் கேட்டதற்கு, "சுருளு காலுக்குக் கீழ கெடந்தா வழுக்கும் தம்பி" என்றார்.

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஓர் உவமை சொல்கிறார். மரத்தின் கோணலைத் தச்சருடைய நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைக் கற்கிற நூல் தீர்க்கும் என்பது சாரம். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அழகாக இருந்தது. ஆசாரி செம்மண் தோய்த்த நூலைப் பலகையின் இரு முனையிலும் பிடித்துச் சுண்டி அடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தபிறகு எனக்கு முனிவரோடு ஒரு சின்ன வழக்கு. நூல் எந்தக் கோணலையும் தீர்ப்பதில்லை. கோணல் எங்கே இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. அப்புறம் இழைக்க வேண்டியது ஆள்.

மரத்தின் குறையை மறைக்காமல் காட்டியே பேர் வாங்கியவர் ஒருவர் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்திருக்கிறார் என்பதை வெகு தாமதமாகத்தான் அறிந்தேன். ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர், படித்தது கட்டடக்கலை. அந்தோனின் ரேமண்டின் அலுவலகத்திலிருந்து 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் வேலையை மேற்பார்த்தார். ஆசிரமத்தில் அவருக்கு சுந்தரானந்தா என்று பேர். பிறகு அமெரிக்கா திரும்பியவரை இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானிய வம்சம் என்பதற்காக, குடும்பத்தோடு ஐடஹோவின் மினிடோகா முகாமில் அடைத்தார்கள். அங்கே ஜப்பானிய முறையில் பயின்ற ஒரு தச்சரிடம் உட்கார்ந்து, கிடைத்த மிச்ச மரத்தில் வேலை கற்றுக்கொண்டார். பின்னாளில் அவர் செய்த மேஜைகளில் விரிசலை அடைக்கமாட்டார். குறுக்கே ஒரு மரத்துண்டைப் பதித்து, விரிசல் மேலும் விரியாமல் பிடித்து நிறுத்துவார். நடுவில் இடுங்கி இருபக்கமும் விரிந்த துண்டு. ஆங்கிலத்தில் வண்ணத்துப்பூச்சி என்பார்கள், நம் கண்ணுக்கு அது அச்சு அசலாக உடுக்கை.

அந்த மேஜைப் படங்களை அப்பாவுக்குக் காட்டினேன். போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "வெடிச்ச பலகை. இதையே நம்ம ஊர் ஆசாரி செஞ்சு குடுத்தா நீ காசு குடுப்பியா?" என்றார். பதில் சொல்ல முடியாத கேள்வி. விரிசல் அழகு என்று பெங்களூரில் உட்கார்ந்து ரசிப்பது ஒன்று. தாத்தா வைத்த மரத்தில் விரிசல் விழுந்த சத்தத்தை ராத்திரியில் படுக்கையிலிருந்து கேட்பது வேறு. பலா காயும்போது அப்படித்தான் 'டக்' என்று கேட்கும்.

பலகைகள் காய்ந்து தயாரானதும் அப்பா முதலில் செய்ய நினைத்தது ஊஞ்சல். என் மகள் நடக்கத் தொடங்கிய வருஷம் அதைச் செய்தார். ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், இருந்ததிலேயே நல்ல பலகை. அதன் ஒரு முனையில் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழை விரிசல். மரத்தின் ஈரம் பக்கவாட்டைவிட வெட்டுமுகம் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். முனை முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே இருப்பது சுருங்காமல் அடம்பிடிக்கும், முனை பிளக்கும். காயவைக்கும் முன் வெட்டுமுகத்தில் பெயின்ட்டோ மெழுகோ பூசியிருந்தால் தடுத்திருக்கலாம். கிராமத்தில் சாணியும் மண்ணும் குழைத்து அப்புவார்கள். அப்பா குச்சி வைத்து அடுக்கியதோடு சரி.

அவர் என்ன செய்தார் என்றால், பலா மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து விரிசலில் திணித்து, காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் கொடுத்தார். மேலிருந்து பார்த்தால் தெரியாது. அவ்வளவு நேர்த்தி. கூடத்தில் சங்கிலியில் தொங்கியது. பொங்கலுக்கு நாங்கள் வந்திருந்தோம். என் மகள் இரண்டு நாள் அதை விட்டு இறங்கவில்லை. அம்மா அவளை மடியில் வைத்துக்கொண்டு ஆடுவாள், எதிரில் அப்பா செய்தித்தாளை வைத்துக்கொண்டு செய்தித்தாளைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்.

மூன்றாம் நாள் ஆசாரி, பொங்கல் படி வாங்கிப்போக வந்தார். ஊஞ்சலைப் பார்த்து, "நம்ம தானே மரமா சார்?" என்று தடவிக் கொடுத்தார். குனிந்து அடியில் பார்த்தார். விரல் முட்டியால் நடுவில் தட்டினார், அப்புறம் முனையில். இரண்டு சத்தமும் ஒன்றாக இல்லை என்பது எனக்கே கேட்டது. டீயைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அலமாரிக் கதவுன்னா நானே பட்டி பாத்துட்டுப் போயிருவேன் சார்" என்றார். அப்புறம் சங்கிலிக் கொக்கி இறங்குகிற துளையைக் காட்டினார். விரிசல் அதை உரசிக்கொண்டு போயிருந்தது. "இது தொங்குறது."

அப்பா ஏதும் சொல்லவில்லை. ஆசாரி போனபிறகு கொட்டகைக்குப் போனார். மெஷின் ஓடவில்லை. அம்மா குழந்தையை ஊஞ்சலிலிருந்து தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள், அதற்கு ஒரு காரணமும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம்வரை யாரும் அதில் உட்காரவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அப்பா, "அவனுக்கு என்ன தெரியும், நூறு கிலோ ஏத்திப் பாத்துட்டுத்தான் மாட்டினேன்" என்றார். உண்மைதான், சிமென்ட் மூட்டை ரெண்டு வைத்துப் பார்த்திருக்கிறார். சரியான சோதனைதான் ஒருவகையில். ஆனால் சிமென்ட் மூட்டை ஆடாது, ஒரு பக்கமாகச் சாயாது, ஐப்பசி வரும்வரை காத்திருக்காது. எனக்குச் சொல்லத் தோன்றியது. அம்மா பார்த்த பார்வையில் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கு நான் லாக் புக்கை எடுத்துப் பார்த்தேன். ஊஞ்சல் செய்த மாதத்துக்கு எல்லாம் எழுதியிருந்தது, போல்ட் வாங்கிய செலவு உட்பட. விரிசலைப் பற்றி ஒரு வரி இல்லை. டேப் கொக்கியையும், மணையாகிப்போன ஸ்டூலையும் கூச்சப்படாமல் எழுதியவர் இதை எழுதவில்லை. எழுதினால் மாட்ட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் ஸ்பேனர் சத்தம். ஊஞ்சலைக் கழற்றி, ஆசாரிக்குப் போன் செய்திருந்தார். ஆசாரி வந்து செய்த வேலையை நான் இன்னும் அடிக்கடி நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற விரிசல் முடிகிற இடத்தில் அறுத்தால் போதாதா என்று அப்பா கேட்டார். "தெரியிற எடத்துக்கு அப்புறமும் போயிருக்கும் சார்." கைவாளால் அந்த இடத்தில் அறுத்தார். பிறகு அந்த முனையிலிருந்து பிஸ்கட் கனத்துக்குக் குறுக்காக ஒரு சீவல் எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்தார். படக்கென்று இரண்டாகப் போனது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் அதில் இருந்திருக்கிறது. இன்னொரு சீவல். அதுவும் போனது. ஒவ்வொன்றாக எடுத்து வளைத்துப் போட்டுக்கொண்டே வந்தார். ஐந்தாவதோ ஆறாவதோ, அப்பா கையை நீட்டினார். ஆசாரி கொடுத்தார். அப்பா வளைத்தார், போனது. பிறகு அவரே வாளை வாங்கி அறுத்தார், அவரே வளைத்தார். கடைசியில் ஒரு சீவல் வில் மாதிரி வளைந்து நின்றது, உடையவில்லை. அப்பா அதை வளைத்தபடியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தடிப் பலகை நாலடிக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நின்றது. "படுக்கலாம்னு பாத்தேன். உக்கார்ற ஊஞ்சலா ஆயிடுச்சு" என்றாள் அம்மா. வெட்டுமுகம் இரண்டிலும் பெயின்ட் அடித்து, புதுத் துளை போட்டு, அடியில் குறுக்குச் சட்டம் ஒன்று கொடுத்து மாட்டினார்கள். அந்தச் சட்டத்தின் திருகாணித் துளைகளை ஆசாரி கொஞ்சம் நீளவாக்கில் குடையச் சொன்னார். பலகை அகலத்தில் அசைய இடம் வேண்டும், இறுக்கினால் மறுபடியும் பிளக்கும். ஆட்டத்துக்கு இடம் விட்டு அப்பா துளை போட்டதை அன்றைக்குத்தான் முதல்தடவை பார்த்தேன்.

லாக் புக்கில் 'காரணம்' என்ற தலைப்பு அந்தத் தேதிக்குப் பிறகு இல்லை. ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு, மேலே 'எப்போது தெரிந்தது' என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே வருகிற பதில்கள் நாலைந்துதான்: கோடு போடும்போது, அறுத்தபின், ஒட்டுமுன், ஒட்டியபின். ஊஞ்சலுக்கு நேராக மட்டும் 'மாட்டியபின்' என்று இருக்கிறது. எங்கள் துறையில் இதையே கற்பிக்கப் பெரிய பெரிய பயிற்சி வகுப்புகள் நடத்துகிறார்கள். பிழை எவ்வளவு சீக்கிரம் கண்ணில் படுகிறதோ அவ்வளவு மலிவு என்று வரைபடம் போட்டுக் காட்டுவார்கள். அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. இதுக்கு எதுக்குடா கம்ப்யூட்டர் என்பார்.

கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். போன தீபாவளிக்குக்கூட ஒரு சட்டம் கோணலாகப் போய், பக்கத்து வீட்டு நாய்க்குத் திட்டு விழுந்தது. ஆனால் மெஷின் நின்றபின் கொஞ்ச நேரத்தில் துடைப்பத்தின் சத்தம் கேட்கிறது. அம்மா அதைக் கேட்டுத்தான் இப்போது டீ போடுகிறாள். ஆசாரி மூன்று வருஷத்துக்கு முன் தவறிவிட்டார். அவருடைய உளிகளில் ஒன்றை அவர் மகன் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தார். கொடுக்கச் சொன்னாரா, தானாகவே கொடுத்தாரா என்று அப்பா கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த அலமாரியின் கீழ் டிராயரை அவர் இழைக்கவே இல்லை. ஐப்பசி பிறந்தால் இறுகும், தை வெயிலில் தானாகத் திறக்கும். அம்மா அதில் பொங்கலுக்கு முன்னால் தேவைப்படாத சாமான்களை மட்டும் வைக்கிறாள். பொங்கல் பானையின் மேல் கட்டுகிற மஞ்சள் கயிறு அதில்தான் இருக்கிறது. போன வருஷம் மழை நீண்டுவிட்டதால், போகியன்றைக்கும் டிராயர் வரவில்லை. கடையில் புதுக் கயிறு வாங்கிக்கொண்டோம்.